குழந்தை தூக்கும் ஆளுக்கு ஒரு விசா

"மேடையில் நீங்கள் விளக்குகளைக் கவனிக்கும் நேரத்தில், இந்தக் குழந்தையை யார் வைத்திருப்பார்கள்?"

ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட இந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். கேட்டவர் ஒரு குளிர் நாட்டின் தூதரக அதிகாரி. நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. மூக்குக் கண்ணாடியை ஒரு மெல்லிய சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியவர் தாராவியில் இடுப்பு பெல்ட் தைக்கும் தங்கராஜ். அவர் தோளில் அவருடைய மகன் சாமு. பல் முளைக்கும் பருவம். அப்பாவின் சட்டைக் காலரை வாயில் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

அறை ஜில்லென்று இருந்தது. தரைக்குப் பூசிய மெழுகின் வாசனை. அதற்கு நடுவே சாமுவின் கிரைப் வாட்டர் வாசனை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமுவின் அம்மா ஜெயசீலியும், ஒரே மாதிரி நீலச் சட்டை போட்ட வாத்தியக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் தெரிந்தோம்; பேச்சு கேட்காது. எல்லோரும் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். தங்கராஜ் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பெட்டிக்குள் படுக்கும் பெண்

"விசா வாங்கிக் கொடுக்கும் வேலையைப் பற்றி வாராவாரம் எழுத என்ன இருக்கிறது?" என்று திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். என் அப்பா கேட்ட கேள்விதான் இது. அவர் என்னை பாங்க் பரீட்சை எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தார். "டிராவல்ஸ் ஆபீஸ்னா அது ஒரு உத்தியோகமா? மூட்டை கட்டறவாளுக்கு நாம கயறு எடுத்துக் குடுக்கறாப்பல" என்பார்.

எனக்கு அந்தக் கயிறு பிடித்திருந்தது. பம்பாயில் மாட்டுங்காவில் ரயிலேறி வி.டி. ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் எங்கள் ஆபீஸ். முதலாளி அனந்தன் சார், பாலக்காட்டுக்காரர், செம்பூர்வாசி. கப்பல் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தானே தொடங்கிய தொழில். வியாபாரிகள், வளைகுடா போகிறவர்கள் எல்லாம் மற்ற மேஜைகளுக்குப் போவார்கள். ஆட்டக்காரர், பாட்டுக்காரர், நாடகக்காரர் வந்தால் என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். காரணம் எளிது. அந்த வேலை வேறு யாருக்கும் வேண்டாம்.

வெளிநாட்டு மேடையில் பாடப் போகிறவர் சுற்றுலா விசாவில் போக முடியாது. பாடுவது அங்கே வேலை. எனவே அழைக்கிற சங்கம் அந்த நாட்டிலேயே ஒவ்வொருவருக்கும் வேலை அனுமதி வாங்க வேண்டும். அதில் பெயருக்கு எதிரே அவர் செய்யும் வேலை எழுதியிருக்கும். பிறகு பம்பாயில் தூதரகம் நேரில் பார்த்து முத்திரை போடும். பாடகருக்கும் தபேலாக்காரருக்கும் சிக்கல் வராது. சிக்கலெல்லாம் மேடையில் முகம் காட்டாத 'க்ரூ'வுக்குத்தான். கூட வருகிறவன் அங்கே போய் ஏதாவது ஓட்டல் சமையலறையில் மறைந்துவிடுவானோ என்று எல்லாத் தூதரகங்களுக்கும் சந்தேகம். 'இவர் இல்லாவிட்டால் நிகழ்ச்சி நடக்காது' என்று நாம் காட்டியாக வேண்டும்.

ஒருமுறை ஒரு மாயாஜாலக் குழு வந்தது. அதில் ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் படுக்க வைத்து ரம்பத்தால் அறுப்பார்கள். அவள் வேலையை எப்படி எழுதுவது? 'பெட்டிக்குள் படுத்திருப்பவர்' என்றே அடித்து அனுப்பினேன். தூதரக குமாஸ்தா போன் செய்தார். "போகும்போது முழுசு, சரி; திரும்பி வரும்போதும் முழுசாகத்தானே வருவார்?" என்று கேட்டார். இரண்டு பேரும் போனிலேயே சிரித்தோம். விசா கிடைத்தது.

பகலில் தகரம், மாலையில் டிரம்

காதர் பாய் என் மேஜைக்கு வந்தது எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தகரப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். பகலில் தகரம் அடிப்பார். மாலையில் டிரம் அடிப்பார். அவர் நடத்திய மெல்லிசைக் குழு இல்லாமல் அந்தப் பக்கத்தில் அம்மன் கொடையும் கிடையாது, தேவாலயத் திருவிழாவும் கிடையாது.

"தங்கச்சி, நம்மள ஃபாரின்ல கூப்பிட்டுட்டாவ" என்று ஒரு பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தார். உள்ளே எல்லோருடைய பாஸ்போர்ட்டும். "அங்கயும் நம்ம சனங்க இருக்காவளாம். ஒரே குளிராம். பாட்டு கேட்டு ரொம்ப நாளாச்சாம்."

காங்கோ டிரம் வாசிப்பவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்த போட்டோக்களைக் கொடுத்திருந்தார். கழற்றிவிட்டு எடுக்கச் சொன்னேன். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டூடியோவுக்குப் போய் வேறொரு கண்ணாடியுடன் எடுத்துவந்தார். மூன்றாவது முறை நானே கூடப் போய், கண்ணாடியை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பாடகி ஒரு நாள் கைக்குழந்தையுடன் வந்தார். மெலிந்த உருவம், சாயம் போன நூல் புடவை. "அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் குரலை எனக்குத் தெரியும். திலக் நகரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது கணபதிப் பந்தலில் கேட்ட குரல். கூட்டத்தில் முகம் தெரியவில்லை. என் பக்கத்தில் நின்ற மராட்டிப் பெண்மணி ஒரு சொல்லும் புரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் நினைவிருந்தது.

"திலக் நகர்ல பாடினது நீங்கதானே?"

ஜெயசீலி வெட்கப்பட்டார். "தொண்டை கட்டியிருந்திச்சு அன்னைக்கி" என்றார்.

கட்டின தொண்டையே அப்படி!

குருவா, க்ரூவா?

அழைத்த அந்த நாட்டுத் தமிழ்ச் சங்கத்திலிருந்து வேலை அனுமதி வந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஜெயசீலியின் கணவர் தங்கராஜ் பெயருக்கு எதிரே 'விளக்கு' என்று இருந்தது.

"இவர் லைட் போடுவாரா?" என்று காதர் பாயைக் கேட்டேன்.

"அவன் வீட்டு பல்பு ஃபியூஸானாலே அடுத்த வீட்டுக்காரனைக் கூப்புடுத ஆளு."

சங்கத்துச் செயலாளர் நல்ல மனிதர். பாடகிக்குக் கைக்குழந்தை இருப்பதால் கணவரும் வர வேண்டும் என்று காதர் பாய் எழுதியிருக்கிறார். அங்கே இருந்த கட்டங்களில் ஒலி, விளக்கு, ஒப்பனை என்றுதான் இருந்ததாம். எதில் போடுவது என்று தெரியாமல் அவர் விளக்கில் போட்டுவிட்டார். உண்மையான லைட்மேன் பாபுவின் பெயரும் அதே கட்டத்தில் இருந்தது.

மாற்றி வாங்க நேரமில்லை என்று அனந்தன் சார் சொன்னார். காதர் பாய் ஒரு முடிவுக்கு வந்தார். "அவ்வளவுதான், தங்கராசுக்கு லைட்டைப் படிச்சுக் குடுத்துருவோம். அப்புறம் பொய் இல்லைலா?"

அடுத்த சில மாலைகள் தகரப் பட்டறையில் பாடம் நடந்தது. பாபு வாத்தியார். தங்கராஜ் ஒரு தோளில் சாமுவைப் போட்டுக்கொண்டு மறு கையால் சுவிட்சைத் தொடுவார். சோகப் பாட்டுக்கு நீலம், ஆட்டப் பாட்டுக்குச் சிவப்பு, பாடகிக்கு ஸ்பாட்.

"என்னைய 'குரு'ன்னு போட்டிருக்காவளாமே சிஸ்டர்?" என்று அவர் என்னிடம் கேட்டார். "குருன்னா வாத்தியாருலா? நான் அஞ்சாங் கிளாஸே முடிக்கல."

"குரு இல்லை, க்ரூ" என்றேன்.

"எதுவா இருந்தா என்ன. வீட்டுல மரியாதை கூடியிருக்கு."

அந்தக் கேள்வி

இனி அந்தக் குளிர் அறைக்குத் திரும்புவோம்.

தூதரகத்தில் இந்தி தெரிந்தவர் இருந்தார், குஜராத்தி தெரிந்தவர் இருந்தார். தமிழுக்கு ஆளில்லை. அதனால் என்னையே மொழிபெயர்க்க உள்ளே விட்டார்கள். வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். தங்கராஜும் நன்றாகத்தான் பதில் சொன்னார். சோகப் பாட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டபோது நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே 'ப்ளூ' என்று சொன்னார். அதிகாரி புன்னகைத்தார். பேனாவை எடுத்தார்.

அப்போது வெளியே சாமு அழுதான். கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

தங்கராஜின் உடம்பு தன்னால் திரும்பியது. "ஒரு நிமிசம்மா" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். ஜெயசீலியிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தான் என்ன செய்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என்னைப் பார்த்த தங்கராஜ் மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், உள்ளதச் சொல்லிருங்க. இவன் தோள்ல கெடக்கும்போது எனக்குப் பொய் வர மாட்டேங்கு. லைட்டைப் பாபு பாப்பான். நான் புள்ளையத்தான் வச்சிருப்பேன். அவ பாடி முடிக்க வரைக்கும் வச்சிருப்பேன்."

தமிழ் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். 'குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்வார்' என்று நான் சொல்லியிருந்தால் முத்திரை விழுந்திருக்கும். உண்மையைச் சொன்னால் ஒரு குழுவே வீட்டுக்குத் திரும்ப நேரலாம். தகரம் அடிக்கிறவரும் பெல்ட் தைக்கிறவரும் பெட்டி கட்டி வைத்துவிட்டார்கள். சாமு என்னைப் பார்த்து ஒரு எச்சில் குமிழி விட்டான்.

அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தோளில் குழந்தை கிடக்கும்போது பொய் வர மாட்டேன் என்கிறது என்பதையும் சேர்த்து.

"அவர் இதைத்தான் சொன்னாரா?"

"இதைத்தான்."

அதிகாரி அனுமதித் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "குழுத் தலைவரை வரச் சொல்லுங்கள்" என்றார்.

அழுடா ராஜா

காதர் பாய் என் உதவியை எதிர்பார்க்கவில்லை. உள்ளே வந்ததும் தன் ஆங்கிலத்தை எடுத்துவிட்டார். "மேடம், சிங்கர் நோ, ப்ரோக்ராம் நோ. பேபி நோ, சிங்கர் நோ. ஹஸ்பெண்ட் நோ, பேபி நோ. லாஸ்ட்ல எல்லாம் நோ!"

பல பக்கம் எழுதினாலும் நான் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"குழுவில் இத்தனை பேர் இருக்கிறீர்களே. வேறு ஒருவர் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாதா?" என்று அதிகாரி கேட்டார்.

அதை நான் தமிழில் சொன்னதும் காதர் பாய், "வச்சிக்கிடலாம். புள்ள இருக்கணுமே! வேணும்னா வந்து பாக்கச் சொல்லு தங்கச்சி" என்றார்.

கேலி என்று நினைத்துத் தயங்கியபடிதான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் எழுந்து, கண்ணாடிச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு, நிஜமாகவே காத்திருப்போர் கூடத்துக்கு வந்துவிட்டார். அங்கே வேறு விஷயமாக வந்த வியாபாரிகளும் மாணவர்களும் இருந்தார்கள். ஜெயசீலியைப் பாடச் சொன்னார். குழந்தையைக் காதர் பாயிடம் கொடுக்கச் சொன்னார்.

ஜெயசீலி எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு வேகமான கலியாணப் பாட்டை எடுத்தார். முதல் அடி முடிவதற்குள் சாமு வீறிட்டான். ஜெயசீலியின் குரல் தடுக்கியது, கண் குழந்தை மேல் போனது, பாட்டு நின்றது. காதர் பாய் சாமுவைக் கீபோர்டு சுப்பிரமணியிடம் தள்ளினார். அவன் அழுகை ஒரு கட்டை ஏறியது. பிறகு என்னிடம் வந்தான். என் காதே அடைத்துவிட்டது. வாசல் காவலாளி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "காய் ஜாலா ரே பாளா?" என்று, என்னாச்சுடா கண்ணா என மராட்டியில் கொஞ்சிக்கொண்டு வாங்கினார். சாமு அவர் தொப்பியைத் தட்டிவிட்டான்.

கடைசியில் அந்த அதிகாரியே கையை நீட்டினார்.

சாமு அவரிடம் போனான். கழுத்தில் தொங்கிய சங்கிலியைப் பார்த்தான். பிடித்தான். அழுகையை நிறுத்தினான்.

அவன் இப்படியே சும்மா இருந்துவிட்டால் எங்கள் கதை முடிந்தது. யார் தூக்கினாலும் அடங்குகிற குழந்தைக்கு எதற்குத் தனி விசா? ஜெயசீலி பாட்டை மறுபடி தொடங்கியிருந்தார். காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: "அழுடா ராஜா. அழுடா செல்லம். ஒனக்கு அத்தர் வாங்கித் தாரேன், அழுடா."

சாமு சங்கிலியைச் சப்பிப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். அந்தச் சிவந்த முகத்தை அண்ணாந்து பார்த்தான். உதடு பிதுங்கியது. பிறகு கூரை அதிரும்படி ஓர் அழுகை!

நீலச் சட்டைகள் மொத்தமும் துள்ளி எழுந்து கைதட்டின. ஒரு குழந்தை அழுததற்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காங்கோக்காரர் காவலாளியைக் கட்டிக்கொண்டார். என்ன நடக்கிறதென்று தெரியாத ஒரு குஜராத்தி வியாபாரியும் சேர்ந்து கைதட்டினார்.

தங்கராஜ் வந்து மகனை வாங்கினார். உள்ளங்கையை அவன் முதுகில் வைத்தார். நெஞ்சுக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு தாழ்ந்த முனகல். சாமு விசும்பினான், ஒரு ஏப்பம் விட்டான், தோளில் கன்னத்தைச் சாய்த்துவிட்டான்.

ஜெயசீலி பாட்டை முதலிலிருந்து எடுத்தார். இந்த முறை அவர் கண் எங்கேயும் போகவில்லை. சரணத்தில் சுப்பிரமணியின் விரல்கள் நாற்காலிக் கையில் கீபோர்டு வாசித்தன. காதர் பாய் பாஸ்போர்ட் பையைத் தட்டித் தாளம் போட்டார். முடிந்தபோது உள்ளறை குமாஸ்தாக்களெல்லாம் கதவுக்கு வந்து நின்றிருந்தார்கள்.

என்ன பெயர் வைப்பது?

அதிகாரி என்னை மட்டும் உள்ளே அழைத்தார். "பாட்டு நன்றாக இருந்தது. ஆனால் விளக்குக்காரர் என்ற பெயரில் நான் இவருக்கு முத்திரை போட முடியாது. இன்று நான் பார்த்தது எதுவோ, அது என் கைக்கு வரும் அனுமதியில் இருக்கட்டும். அதுவரை குழுவில் யாருக்கும் விசா இல்லை" என்றார்.

பயணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அனந்தன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நன்னா இருக்கு போ! பொய் சொல்லிக் கெட்டவா உண்டு. நிஜத்தைச் சொல்லி ஒரு கம்பெனி கெட்டுதுன்னு நம்ம பேர்தான் முதல்ல வரப் போறது." ஆனால் திட்டிக்கொண்டே டெலக்ஸ் மெஷினருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சங்கத்துக்கு விவரம் போக வேண்டும். அவர்கள் அங்கே தொழில் இலாகாவில் மாற்றி வாங்க வேண்டும். அதற்கு முதலில் வேலைக்கு ஒரு பெயர் வேண்டும்.

"தனி உதவியாளர்" என்றார் அனந்தன் சார்.

"செக்யூரிட்டி ஆபீசர்னு போடுங்க, கெத்தா இருக்கும்" என்றார் காதர் பாய்.

தங்கராஜ் இருவரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ள தூக்குத ஆளுன்னு போடுங்க. நான் அதான."

அப்படியே போட்டோம். 'பாடகியின் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர்' என்று டெலக்ஸ் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கையெழுத்துக்காகத் தாராவிக்குப் போனேன். சந்துக்குள் தோல் வாசனையும் பசை வாசனையும் மூக்கை அடைத்தன. செய்தி எனக்கு முன்பே போய்விட்டது. தங்கராஜின் பெல்ட் பட்டறை வாசலில் சிநேகிதர்கள் கூடியிருந்தார்கள்.

"ஏல தங்கராசு, சீமைக்குப் புள்ள தூக்கவால போற?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

தங்கராஜ் தைப்பதை நிறுத்தவில்லை. "ஆமால. எம் பொண்டாட்டி பாடப் போறா, நான் புள்ள தூக்கப் போறேன். ஒன்னைய எதுக்காவது எவனாவது கூப்பிட்டானால?"

இப்போது சிரிப்பு திசை மாறியது. கேட்டவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

உள்ளே ஜெயசீலி எனக்கு டீ கொடுத்துக்கொண்டே சொன்னார்: "புள்ள பொறந்ததும் பாட்ட விட்டுருதேன்னுதான் நான் சொன்னேன் அக்கா. காதர் அண்ணாச்சி வந்து கேட்டப்பகூட வரலன்னுட்டேன். இவுகதான் பட்டறையப் பூட்டிட்டு வந்து, 'நீ போய் பாடு, நான் பாத்துக்கிடுதேன்'னாக. அன்னைக்கி இவுகளுக்குத் துணி மாத்தக்கூடத் தெரியாது. நான் திரும்பி வந்தா, புள்ள இவுக சட்டைக்குள்ள கெடக்கான்!"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

'ம்ம்ம்' என்று ஒரு பாட்டு

பதில் ஒரு மதிய வேளையில் வந்தது. நான் தயிர்சாத டப்பாவைத் திறந்து ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தேன். டெலக்ஸ் மெஷின் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. எச்சில் கையை உயர்த்திப் பிடித்தபடி ஓடினேன். தொழில் இலாகா ஒத்துக்கொண்டுவிட்டது. அனந்தன் சார் அதைப் படித்துவிட்டு, கீழே போய் ஆபீஸ் முழுமைக்கும் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார்.

அதிகாரி முத்திரை குத்தும்போது, "இப்படி ஒரு வேலைக்கு இதுதான் எனக்கு முதல் தடவை" என்றார். சாமு அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே சேர்க்கப்பட்டிருந்தான். அவன் பெயர் இருந்த வரியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

விமான நிலையத்துக்குத் தாராவியிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பிற்பகல் வெயில். சாலையோர நேபாளிகளிடம் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர்களைப் பெட்டியில் இடமில்லாமல் எல்லோரும் போட்டுக்கொண்டே வந்து வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். தங்கராஜ் தன் பட்டறையிலேயே ஒன்று தைத்திருந்தார்: குறுக்கே இரண்டு தோல் வார், நடுவில் மெத்தென்று ஒரு துணிப் பை. அதில் சாமுவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இரண்டு கையிலும் பெட்டிகளோடு நடந்தார். பக்கத்தில் போன ஒரு பணக்கார அம்மாள் நின்று, "கஹான் மில்தா ஹை யே?" என்று அது கிடைக்கும் இடத்தை இந்தியில் விசாரித்தார். "தாராவி ஆனா மேடம்" என்று தாராவிக்கு வரச் சொன்னார் தங்கராஜ், தன் இந்தியில் கம்பீரமாக.

திரும்பி வந்ததும் குழு மொத்தமும் ஆபீசுக்கு வந்து ஆளுக்கு ஒரு கதை சொன்னது. எனக்கு மறக்காதது ஒன்றுதான். முதல் நாள் கச்சேரியில் தங்கராஜ் திரைக்குப் பின்னால் மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவருடைய 'ம்ம்ம்' ஒலிபெருக்கியில் போயிருக்கிறது. ஜெயசீலியின் குரலுக்கு அடியில் ஓடிய அந்த முனகலைச் சனங்கள் பாட்டின் பகுதி என்று நினைத்துவிட்டார்கள். முடிந்ததும் 'ஒன்ஸ் மோர்' கேட்டார்களாம்.

"ரெண்டாந்தரம் நான் அத விட்டுட்டேன் சிஸ்டர்" என்றார் தங்கராஜ். "பய தூங்கிட்டான். சும்மா எதுக்கு முனங்கணும்? காதர் பாய் ஓடி வந்து, 'ஏல, முனங்குல! சனம் கேக்குதுல!'ன்னு சண்டைக்கு வாறாரு."

ஜெயசீலி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜையில் டைப் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வரிசை

சில நாள் கழித்து ஒரு இளம் தம்பதி என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். மான்குர்திலிருந்து வந்திருந்தார்கள். அவள் ஒரு நாடகக் குழுவில் நடனக்காரி. அவன் அமைதியான பையன். மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க குழந்தை தூக்கற ஆளுக்கு விசா எடுத்துக் குடுக்கறீங்களாமே? அடுத்த வருஷம் எங்க குழு வெளிநாடு போகுது. இவரு பேரையும் சேர்த்துடுங்க."

"சேர்க்கலாம். குழந்தைக்கு என்ன வயசு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் முகம் காதுவரை சிவந்துவிட்டது. அவள் புடவைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னும் பொறக்கலை அக்கா. அதுக்குள்ள பொறந்துடும். நீங்க பேரை மட்டும் போட்டு வைங்க."

சிரித்துக்கொண்டே டைப்ரைட்டரில் ஒரு புதுத் தாளைச் சொருகினேன்.